பதினாறு செங்கல்

பதினாறு செங்கல் வாங்கினேன்.
கட்டிலுக்கு எட்டு, பீரோவுக்கு நாலு,
மிச்சம் பிரிட்ஜுக்கு.
எதற்கென்று கடைக்காரர் கேட்கவில்லை.
புரட்டாசி முடிகிற வாரத்தில்
எர்ணாவூரில் பதினாறு செங்கல் வாங்குகிறவள்
சுவர் கட்டப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

இந்த வீட்டுக்குப் பால் காய்ச்ச வந்த அன்று
மூன்று படி ஏறினேன்.
தெருவுக்குத் தார் போட்ட ஒவ்வொரு தடவையும்
ஒரு படியைத் தெரு தின்றது.
இப்போது ஒரு படி இறங்கவேண்டும்.
புதிதாய் வருகிறவர்கள் தடுமாறி
கும்பிடுவதுபோலக் குனிந்து நுழைவார்கள்.
நாங்களும் பதிலுக்குக் கும்பிட்டுவிடுவோம்.

ஏகாம்பரம் காலையிலிருந்து பிரைமர் அடிக்கிறார்.
அதே கோடுதான்,
என் இடுப்புக்கு ஒரு சாண் மேலே.
வெறும் தண்ணீர் என்றால் காய்ந்து போயிருக்கும்,
அது எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வந்தது.
அடித்த வெள்ளை பத்து நாள் வெள்ளையாக இருக்கும்.
பதினோராம் நாள்
டீ சிந்திய வேட்டிபோல
கோடு மெல்ல எட்டிப் பார்க்கும்.
"இந்தத் தபா வராது பாரு" என்கிறார்.
போன தபாவும் வராது என்றார்,
அது வேறு கம்பெனி.

அந்தக் கம்பெனி டப்பாவில்தான்
வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு,
பையனின் மார்க் ஷீட், கேஸ் புத்தகம்,
இரண்டு பாலித்தீன் உறை போட்டு,
ஈரம் இழுக்க ஒரு பிடி அரிசியும் வைத்து
மூடியை அடித்து இறுக்கினேன்.
பெயிண்ட்தான் மோசம்.
டப்பா நல்ல டப்பா.

கக்கூஸ் ஓட்டையில் அடைக்க
அரிசிச் சாக்கைக் கிழித்து மண் ரொப்பிக்கொண்டிருந்தபோது
தேசப்பன் வீடியோவில் வந்தான்.
கனடாவில் ஏதோ ஊர்,
பெயரை இன்னும் எனக்குச் சரியாகச் சொல்ல வராது.
என் தம்பி ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஒட்டி
தலை காயவைக்கிற மெஷினால் சூடு காட்டுகிறான்,
அது தோல்போல விறைத்துக்கொள்கிறது.
கதவின் அடியில் பஞ்சு அடைத்திருக்கிறான்.
"வெளிக்குழாய்ல ஒரு சொட்டு இருந்தாலும்
ஒறைஞ்சு பைப்பு வெடிச்சிடும்க்கா,
எல்லாத் தண்ணியையும் தொரத்தணும்."
"அங்க நீ பைப்புல இருந்து தொரத்து,
இங்க நான் பைப்பு வழியா வராம பாத்துக்கிறேன்"
என்று சாக்கைத் தூக்கிக் காட்டினேன்.
சிரித்தான்.
பிறகு, "கோடு இன்னும் இருக்குதா?" என்றான்.
அந்த வருஷம் அவன் இங்கே இல்லை.
ஏகாம்பரம் பிரஷ்ஷோடு நகர்ந்து
சுவரை மறைத்து நின்றுகொண்டார்.
அவர் முதுகில் எத்தனை அடி மறையும்?

எதிர்வீட்டு ஜெபக்கனி
சித்திரையில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிட்டாள்.
நூற்றுப் பத்து ஜாக்கி, மூன்றடி.
உள்ளே அவள் மாமியார் டிவி பார்த்துக்கொண்டே உயர்ந்தார்.
அங்கே நிற்காத தண்ணீர்
இனி எங்கே வந்து நிற்கும் என்று
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
நேற்று வாசலில் நின்று,
"வந்துச்சுன்னா எங்க ஹால்ல படுத்துக்கங்கக்கா" என்றாள்.
பார்க்கலாம் என்று சொல்லி
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
சாயங்காலம் பையனிடம்
மிக்ஸியை அங்கே கொடுத்தனுப்பினேன்.

அனல்மின் நிலையத்துப் புகை
இதுவரை வேறு பக்கம் போனது,
இன்று எங்கள் பக்கம் சாய்கிறது.
வாடை திரும்பிவிட்டது.
இரண்டு செங்கல் உயரக் கட்டிலில் உட்கார்ந்தால்
எனக்குக் கால் தரையில் படவில்லை.
ஏகாம்பரம் தூங்கிவிட்டார்,
காதோரம் பெயிண்ட்.

தேசப்பன் ஒரு படம் அனுப்பியிருக்கிறான்.
விடிய விடியப் பனி விழுந்து
தெரு, கார், வேலி எல்லாம் வெள்ளை.
நானும் சுவரை ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.
இங்கேயும் வெள்ளைதான்டா,
இன்னும் பத்து நாளைக்கு.