விலாசம்

புதுவயல், அரிசி ஆலையின் மாடியறை.
ஞாயிறு, அரவை நிற்கும் நாள்.
தவிடு மட்டும் நிற்கவில்லை.
விசிறி இறக்கையில், என் லேப்டாப் விசைகளின் இடுக்கில்,
சர்வரின் மூக்கில் பழுப்பாய் ஒட்டிக்கிடக்கிறது.

தேவகோட்டையிலிருந்து முதல் பேருந்தில் வந்தேன்.
வேலை சின்னது: ஒரு சொல்லை மாற்ற வேண்டும்.

சர்வரை அணைத்தாலும் உறங்காத ஒன்று
அதன் முதுகில் இருக்கிறது,
தனித் துளையும் தனி விளக்குமாய்.
பெரியவன் செத்துக்கிடந்தால் எழுப்பும்,
உயிரோடிருந்தால் கழுத்தைப் பிடித்து அணைக்கவும் செய்யும்.
கட்டைவிரல் நகமளவு சில்லு.
தொழிற்சாலை அதற்குச் சூட்டிய பெயர் அட்மின்.
கடவுச்சொல்லும் அட்மின்.
யாரங்கே என்று கேட்கும் காவலாளியிடம்
யாரங்கே என்றே திருப்பிச் சொன்னால்
கதவு திறந்துவிடும்.
ஆறு வருடமாக இப்படி.

"மாத்திருவோம். என்ன வைக்கட்டும்?"
ஈப்போவிலிருந்து முதலாளி வயிரவன்,
கரகரக்கும் போனில்:
"எங்க விலாசத்தையே வையி ஆத்தா. மறக்காது."

ஐந்தெழுத்து விலாசம்.
ஜன்னல் வழியே பார்த்தேன்.
லாரியின் நெற்றியில் அது.
அடுக்கிய சாக்குகளில் நீல மையில்
அது, அது, அது.
எடைமேடைத் தகரத்தில், தண்ணீர்த் தொட்டியில்,
கணக்கர் ஞானப்பிரகாசத்தின் குடைத்துணியில்கூட.
காரைக்குடி ஆட்டோக்காரரிடம் அதைச் சொன்னால் போதும்,
நேரே இங்கே கொண்டுவந்து விடுவார்.
சரி என்றேன்.
வைக்கவில்லை.

மென்பொருள் ஒன்று சோழி உருட்டித் தந்தது
இருபத்திரண்டு எழுத்து.
பொருளில்லாதது, வாயில் நுழையாதது,
யாருடைய பிள்ளையின் பெயரும் இல்லாதது.
எனக்குப் பிடித்திருந்தது.

இருமுறை இட்டேன்.
சேமிக்கப்பட்டது என்றது திரை, பச்சையில்.
வெளியேறி மறுபடி தட்டினேன்.
தவறு.
மறுபடி.
தவறு.
ஆறு வருடம் எவரும் நுழையக் கிடந்த வாசலில்
உரிய சாவியோடு நான் மட்டும் வெளியே.

ஞானப்பிரகாசம் டீயும் இரண்டு கந்தரப்பமும் கொண்டுவந்தார்.
"ஆச்சா?"
"ஆகுது."
அவர் ஒன்றும் சொல்லாமல்
விசிறியை ஒரு புள்ளி கூட்டிவிட்டுப் போனார்.

கையேட்டின் நூற்றுப் பதினேழாம் பக்கம், அடிக்குறிப்பு:
இருபது எழுத்துக்கு மேல் ஏற்பதில்லை.
கூடுதலாய் வந்த இரண்டை
வாய் திறக்காமல் வழித்துத் தள்ளியிருக்கிறது,
தலைதட்டிப் படியளப்பவனைப் போல.
இருபதோடு நிறுத்தினேன்.
திறந்தது.

அப்புறம்தான் பதிவேட்டைப் பார்த்தேன்.
பார்க்காமல் கிளம்பியிருக்கலாம்,
மூன்றரை பேருந்து கிடைத்திருக்கும்.
உள்ளே வந்தவர்களின் வரிசை:
அட்மின், அட்மின், அட்மின்.
இந்த ஆலையின் எண் அல்லாத எண்கள் நான்கு.
எல்லாவற்றுக்கும் ஒரே தேதி,
1970 ஜனவரி 1.
கடிகார பேட்டரி என்றைக்கோ செத்திருக்கிறது;
கரண்டு போய்வரும்போதெல்லாம் அதற்கு முதல் பிறந்தநாள்.

என் அம்மாவே பிறக்காத அந்த நாளில்,
அதிகாலை மூன்று பன்னிரண்டுக்கு,
ஒருவர் நுழைந்திருக்கிறார்.
பதினோரு நிமிடம் இருந்திருக்கிறார்.
எதையும் அணைக்கவில்லை, மாற்றவில்லை.
யாருமில்லாத வீட்டில்
விளக்கைப் போடாமல் நடந்து பார்த்தவர் போல.
போன வாரமா, நான்கு வருடம் முன்பா?
முகவரி இருக்கிறது.
விலாசம் இல்லை.

கேபிளைப் பிடுங்கி உள் வலைக்கு மாற்றினேன்.
பழைய கணக்கு இன்னொன்று ஒளிந்திருந்தது, அழித்தேன்.
இருபது எழுத்தையும் காகிதத்தில் எழுதி,
உறையில் ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.
ஞானப்பிரகாசம் அதை இரும்புப் பெட்டியில் வைத்தார்,
வங்கி ரசீதுகளுக்கு அடியில்.

"விலாசம் வைக்கலியா?"
"இல்லைங்க."
"பெறகு நான் எப்படி ஞாபகம் வச்சுக்கிறது?"
"வச்சுக்க வேணாங்க."
ஈப்போவில் மழை பெய்யும் சத்தம் கேட்டது.
"வந்தது யாருன்னு தெரியுமா ஆத்தா?"
"தெரியாதுங்க."

ஐந்தேகால் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது.
நகத்தில் இன்னும் தவிடு.
வழித்துத் தள்ளப்பட்ட அந்த இரண்டு எழுத்து மட்டும்
நாக்கில் ஒட்டிக்கொண்டே வந்தது.
க்யூ. ஏழு.
உலகத்தில் எதையும் திறக்காதவை.
யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.