பொருந்தாததை அடிக்கவும்

தேவை / தேவையில்லை.
நடுவில் ஒரு சாய்கோடு.
அதன் கீழே பொடி எழுத்தில்:
பொருந்தாததை அடிக்கவும்.

பதினோரு வருஷமாக இந்தக் கவச வண்டியை ஓட்டுகிறவன் நான்.
ஓட்டுகிறவன் என்பது பேச்சுக்கு.
செவ்வாய்க்கிழமை காலையில் ஏறி உட்கார்ந்து
பத்து நிமிஷம் உறும விட்டு இறங்குவேன்,
பேட்டரி செத்துவிடக் கூடாது.
லாக் புத்தகத்தில் எழுதுவேன்:
ஓடிய தூரம் பூஜ்யம், டீசல் இரண்டு லிட்டர்,
காரணம் உயிரோடு வைத்திருக்க.
கடைசி வரிமேல் வெள்ளை மை பூசி
'பராமரிப்பு' என்று திருத்துவார் ரைட்டர் குஞ்சிதபாதம்.

கும்பகோணத்துச் சந்துகளுக்கு இது ஆகாது.
ஒருமுறை கடைத்தெருவில் திருப்பப் போய்
பாத்திரக்கடைப் பந்தல்கால் முறிந்தது.
பழைய அரசலாற்றுப் பாலத்தில் போர்டு: ஆறு டன்.
வண்டியோ ஒன்பது. ஆள் ஏறினால் பத்து.
எந்தக் கலவரமும் பாலத்துக்கு இந்தப் பக்கம் நடந்தால்தான்
எங்களால் அடக்க முடியும்.
குடியரசு தினத்தன்று கழுவி நிறுத்துவோம்.
"அங்கிள், இது பேங்க் வண்டியா?" என்று கேட்கும் பிள்ளைகளிடம்
ஆமாம் என்பேன்.

நிஜமாக ஓடியது இரண்டு தடவை.

முதல் தடவை தை மாசம்.
கொள்முதல் நிலையத்து வாசலில் பன்னிரண்டு நாள் நனைந்த மூட்டைகள்.
ஈரப்பதம் இருபத்திரண்டு, எடுக்க முடியாது என்றார்கள்.
ஆடுதுறை சாலையில் ஜனம் உட்கார்ந்துவிட்டது.
கம்பிவலை போட்ட கண்ணாடி வழியே
மனுஷர்கள் கட்டம் கட்டமாகத்தான் தெரிவார்கள்.
ஒரு கட்டத்தில் கை. ஒரு கட்டத்தில் வாய்.
முழு ஆளாக யாரும் இல்லை.
"அடிக்கலாமா?" என்றது வயர்லெஸ்.
"பொறு" என்றது இன்னொரு குரல்.
ஒருத்தி கிட்டே வந்து கையை ஓங்கினாள்.
கல் என்று நினைத்துக் குனிந்தேன்,
இரும்புக்குள் உட்கார்ந்துகொண்டு குனிந்தேன்.
சளசளவென்று நெல்.
ஒரு முறம் நெல், வெள்ளை முளை விட்டது.

பிறகு புகைக்குண்டு மூன்று.
உள்ளே எனக்குக் கண் எரியவில்லை.
அதுதான் இந்த வண்டியின் சிறப்பு.

பத்து நாள் கழித்துப் பார்த்தால்
வைப்பர் கட்டைக்கு அடியில்
அழுக்கைப் பற்றிக்கொண்டு ஏழெட்டு நாற்று.
பிடுங்கினேன்.
லாக் புத்தகத்தில் எழுதவில்லை.

இரண்டாம் தடவை கொள்ளிடம்.
திட்டில் நாற்பது பேர், படகு வந்து சேரவில்லை.
ஜீப் நின்றுபோனது, லாரி சாய்ந்தது.
ஒன்பது டன் மட்டும் இழுப்புக்கு அசையாமல் போனது.
எந்தக் கனத்தைச் சொல்லி வேண்டாம் என்கிறார்களோ
அந்தக் கனத்தால்.
ரேஷன் கார்டை வாயில் கவ்விக்கொண்டு ஒருவன்,
இடுப்பைப் பிடித்தபடி ஒரு நிறைமாசக்காரி.
ஒருத்தி மட்டும் மாட்டேன் என்றாள்:
"இது கண்ணக் கெடுக்குற வண்டி."
"இன்னிக்கு இல்லம்மா" என்றேன்.
வேறென்ன சொல்ல?
முதலில் ஆட்டைக் கொடுத்தாள். பிறகு பிள்ளையை.
பிறகு தானும் ஏறி
கரை வரும்வரை கண்ணை இறுக மூடியிருந்தாள்.
அவளா இவள் என்று நான் கேட்கவில்லை.

மகாமகம் வருகிறது, வண்டி வேண்டும் என்கிறார் டி.எஸ்.பி.
அந்த நெரிசலில் இதை இறக்கினால்
ஜனம் எங்கே ஒதுங்கும் என்று கேட்க
எனக்கு ரேங்க் இல்லை.
விற்றுவிட்டு நாலு படகு வாங்கலாம் என்கிறார் ஆணையர் அம்மா.
படகு நல்லதுதான்.
படகை யாரும் சாலையில் நிறுத்தி
ஜனத்தைப் பார்த்துத் திருப்ப முடியாது.
ஆனால் அந்த ராத்திரி படகு வரவில்லை.

இன்று செவ்வாய்.
ஸ்டியரிங் மேல் படிவம் அதிர்கிறது.
தேவை என்பதன்மேல் பேனாவை வைத்தால் ஆடு கத்துகிறது.
தேவையில்லை என்பதன்மேல் வைத்தால்
கம்பிவலையில் ஒரு கை, அதற்கு மேல் முகம் இல்லை.

"என்னய்யா, அடிச்சாச்சா?"
கீழே நின்று கேட்கிறார் குஞ்சிதபாதம்.
இன்னும் இல்லை.
பத்து நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது.
டீசல் இரண்டரை லிட்டர் என்று எழுத வேண்டும்.