ஆறுக்கு நாலு

அந்த ஊரின் பெயரை எப்படி எழுதுவதென்று
காலையிலிருந்து மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லிவிட்டார்கள்.
டிவியில் ஒரு மாதிரி, பேப்பரில் ஒரு மாதிரி,
சிம்மக்கல்லில் எங்கள் ஃபிளெக்ஸ் கடையில்
காசு கொடுப்பவர் சொல்கிற மாதிரி.

முதல் ஆர்டர் வார்டுக்காரர் துரைப்பாண்டி.
"பத்துக்கு எட்டு. கண்ணீர் அஞ்சலி.
குண்டு வெடிச்ச ரயில்வே ஸ்டேசன் நெட்ல கெடக்கும், எடுத்துக்கம்மா.
ஒரு மெழுகுவத்தி. ஒரு புறா."
புறா என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது,
கல்யாண பேனர்களில் மோதிரம் கவ்விப் பறப்பது.
மோதிரத்தை அழித்தேன்.
அலகு திறந்தே நின்றது.
"நம்ம படம் எங்க?"
கீழே, இடது ஓரம், கைகூப்பி.
"இன்னுங் கொஞ்சம் பெருசா."
நாற்பத்தொரு பேர் செத்த ஸ்டேசன்
புகையோடு இன்னும் கொஞ்சம் சின்னதாகிப் போனது.

சிரிக்க வேண்டாம்.
படியிறங்கும்போது நின்று
"அந்தப் பிள்ள ஒத்தச் செருப்போட கெடந்துச்சே, பாத்தியா" என்றார்.
குரல் சரியாக வரவில்லை.
ரெண்டும் அவர்தான்.

பிறகு ஆட்டோ சங்கம்.
பிறகு நர்சிங் மாணவிகள், சில்லறையாகச் சேர்த்த காசோடு.
ஒரு ஜவுளிக்கடை
ஏற்கெனவே அடித்து வைத்த தள்ளுபடி பேனரின் மூலையில்
கறுப்பு ரிப்பன் மட்டும் சேர்க்கச் சொன்னது.

லுஹர் முடிந்து நெல்பேட்டையிலிருந்து இரண்டு பேர்.
ஆறுக்கு நாலு. படம் வேண்டாம். புறா வேண்டாம்.
ஊர்ப் பெயர், கீழே 'வன்மையாகக் கண்டிக்கிறோம்'.
"எழுத்து மட்டும். தூரத்துலருந்து தெரியணும்."
எவ்வளவு தூரம் என்றேன், எழுத்தின் அளவுக்காகத்தான்.
பெரியவர் தெருவைப் பார்த்தார்.
பேரம் இல்லை. முழுப் பணமும் முன்னாலேயே.
"இன்னைக்கே கட்டிறணும்மா" என்றார் இளையவர்,
"இருட்டுறதுக்குள்ள."

மெஷினில் நைனா முகமது.
ஆறு வருடமாக இந்த ஊர் அழுததெல்லாம்
அவன் அடித்துக் கொடுத்ததுதான்.
காலையில் டீ மாஸ்டர் கேட்டாராம்,
"என்ன நைனா, இப்பிடிப் பண்ணிட்டாய்ங்க?"
"என் பேரச் சொல்லிட்டுக் கொஞ்சம் நிறுத்துனாரு அக்கா"
என்றான் ஹெட்டைத் துடைத்தபடி.
வேறொன்றும் சொல்லவில்லை.

நாலரை மணிக்குக் கறுப்பு மை தீர்ந்தது.
டவுன்ஹால் ரோட்டில் இல்லை. கீழவாசலில் இல்லை.
ஊர் முழுக்க அன்றைக்குக் கறுப்புதான் ஓடியிருக்கிறது.
மற்ற மூன்று வண்ணத்தையும் கலந்தால்
கறுப்பு மாதிரி ஒன்று வரும்.
நெல்பேட்டைக்கு அதில்தான் அடித்தோம்.

அப்போதுதான் கவனித்தேன்,
மதியத்திலிருந்து பெஞ்சில் ஒருவர்.
செல்லம்பட்டிப் பக்கம், கழுவன் என்று பெயர்.
கையில் ஆதார் கார்டு. அதில் சம்சாரம், சின்னப்பேச்சி.
வேறு படம் எடுத்ததில்லை.
ரெண்டுக்கு மூணு, ஒண்ணே ஒண்ணு,
மந்தையில் கட்ட. நாளைக்குக் கருமாதி.
"ஏன்யா, கேக்கக் கூடாதா?"
"அங்க நெறையப் பேரு தாயி.
மொதல்ல அத அடிங்க. இவ ஒருத்திதான."

தோற்றம் ஆதாரில் ஜனவரி ஒன்று.
அன்றைக்குப் பிறக்கவில்லையாம், ஆடி மாசமாம்.
ஆடி என்றே போட்டேன்.
கார்டுக்காரன் முறைத்துப் பார்க்கச் சொன்ன முகம்,
எவ்வளவு பெரிதாக்கியும் முறைப்பு போகவில்லை.
"இது அவதான்" என்றார்.
அவளுக்கும் கறுப்பு மாதிரிதான்.

பத்து நாள் கழித்து யானைக்கல்லில்
வாழைக்காய் லாரிக்கு மேல் அந்த ஆறுக்கு நாலு,
தலைகீழாய், ஒரு பக்கம் மழைத்தண்ணீர் தேங்கி.
கழுத்தைச் சாய்த்துப் படித்தேன்.
ஊர்ப் பெயரில் ஒரு புள்ளி விட்டிருக்கிறேன்.
டீக்கடை, பள்ளிக்கூடம், போலீஸ் வேன்,
எல்லாரும் அதைத் தாண்டித்தான் போனார்கள்.
யாரும் வந்து சொல்லவில்லை.

நைனாவிடம் சொன்னேன்.
அடிக்கும்போதே பார்த்தானாம்.
ஏன்டா சொல்லலை?
"இருட்டிரும்ல அக்கா" என்றான்.