கால் பங்கு

எழுமலைக்கு மேற்கே நாலு பேருக்கு ஒரு கிணறு.
மூணு பேஸ் கரண்ட் ராத்திரி பத்துக்கு வரும், விடியுமுன் போகும்.
நாலு ராத்திரிக்கு ஒரு ராத்திரி என்னுடையது.

எத்தனை மணிக்குப் போட்டேன், எப்போது நிறுத்தினேன்
ஒரு வருசம் விடாமல் எழுதினேன்.
பால் சொசைட்டி கொடுத்த டைரி.
பசுமாட்டுப் படத்துக்குக் கீழே
தண்ணீரின் நேரம்.

செலவு போக மிஞ்சிய காசை
மோட்டார் ஓடிய மணியால் வகுத்தேன்.
நெல், அரை ஏக்கர், இருநூற்றுப் பத்து மணி,
ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
மணிக்கு நாற்பத்து மூன்று ரூபாய்.
மல்லி, அதுவும் அரை ஏக்கர்.
மணிக்கு இருநூற்று எழுபது.
நம்பாமல் திரும்ப வகுத்தேன்.
அதே எழுபது.

கரிசல் மேட்டில் குதிரைவாலி.
மழையைத் தவிர யாரும் அதன் வாயை நனைத்ததில்லை.
வரவு ஒன்பதாயிரத்து நானூறு,
மோட்டார் ஓடிய மணி சைபர்.
செல்லில் வகுத்தேன்.
பூஜ்யத்தால் வகுக்க இயலாது என்றது.
கடைசி வரியில் எழுதினேன்.
அடித்துவிட்டு
எல்லாவற்றுக்கும் மேலே எழுதினேன்.

காசிமாயனிடம் வாசித்துக் காட்டினேன்.
அவர் பங்கு முழுக்க நெல்.
"மல்லிய ஒலையில போட்டு வடிச்சுக் காட்டு தவமணி,
நாளைக்கே நாத்தப் புடுங்கிப் போடுறேன்."
அதற்கு டைரியில் கட்டம் இல்லை.

சித்திரையில் மாட்டுத்தாவணியில்
மல்லி கிலோ நூற்றி இருபது.
எடுப்புக் கூலி, கமிஷன், பஸ் சார்ஜ் போக
கையில் நின்றது ஈரச் சாக்கு.
தையில் கிலோ மூவாயிரம்.
செடியில் பூ இல்லை,
பனி தின்றது போக நாலு மொட்டு.
இருநூற்று எழுபது என்பது
இந்த இரண்டுக்கும் நடுவே
ஒருநாளும் விடியாத ஒரு நாளின் விலை.
தெரிந்தும் அழிக்கவில்லை.

இந்த மார்கழியில் என் முறை ராத்திரி
டார்ச்சோடு வந்து நின்றார் காசிமாயன்.
"கருது பால் பிடிக்குது. ரெண்டு மணி நேரம் விடு.
சும்மா வேணாம், காசு தாரேன்."
ஐந்நூற்று நாற்பது என்றேன்.
எண்பத்தாறு என்றார்.
"ஒன் டைரியில நெல்லுக்கு அதான எழுதிருக்க?"

என் கணக்கை என்னிடமே விற்கிறார்.
முந்நூறுக்கு இறங்கினேன்.
நூற்றிப் பத்துக்கு ஏறினார்.
இருநூறில் நான் நிற்க, நூற்றைம்பதில் அவர் உட்கார,
மோட்டாரைப் போட இருவருக்கும் மறந்துபோனது.
நாய் ஒன்று வந்து எங்கள் நடுவே படுத்தது.
நூற்று எழுபத்தைந்து என்று அவர் வாயெடுக்கையில்
கொட்டகை பல்பு அணைந்தது.
கரண்ட் போய்விட்டது.

காலையில் எட்டிப் பார்த்தேன்.
நேற்று வெளியே நின்ற
இருபத்தோராவது இரும்புப் படி
தண்ணீருக்குள் இருந்தது.