மறுமுனை

பாஸ்டர் சொன்னார்: துதி தங்கச்சி,
துதிக்கிற இடத்தில் பிசாசு நிற்கமாட்டான்.

அவர் பீல் நகரத்து ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
இரவு வேலை செய்ததில்லை.
இங்கே அவன் நிற்கிறான்.
நிற்பதென்ன, வேலையும் செய்கிறான்.
மெஷின் ஏற்காத கிழிசல் விரிப்புகளை
இரண்டு பேர் பிடித்துத்தான் மடிக்க வேண்டும்.
லெதெப்ரஹான் லீவில் போன நாளிலிருந்து
மறுமுனையில் அவன்தான்.

குறை சொல்லக் கூடாது, நேர்த்தியாக மடிப்பான்.
உதறுவான், கிட்ட வருவான்,
நுனியை என் விரலில் தருவான்.
தரும்போதெல்லாம் ஒரே கணக்கு:
பதினேழாயிரத்து அறுநூறு பிராங்.

மெற்றில்டா அக்காவின் சீட்டு.
மாதம் எண்ணூறு, இருபத்திரண்டு மாதம்.
என் முறை வந்தபோது
"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றாள்.
கர்த்தரிடம் ரசீது இல்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு,
சுவிஸ்காரர் கும்பிட்டுப் போன கதிரைகளில்
அவள் முன்வரிசை.
இரண்டு கையும் மேலே,
காப்புகள் முழங்கைவரை சரியும்.
அல்லேலூயாவில் எல்லாரும் கண்ணை மூடுவார்கள்.
நான் காப்பை எண்ணுவேன்.

இன்றிரவு ஆயிரம் ஸ்தோத்திரம் என்று தொடங்கினேன்,
விரிப்புக்கு ஒன்று.
சுடுதண்ணிக்கு ஸ்தோத்திரம்.
பி விசாவுக்கு, அது சி ஆகப்போகிற பங்குனிக்கு.
ஏரியிலிருந்து ஏறிவந்து
ஜன்னலில் முட்டுகிற புகாருக்கு.
முழங்கால் வலிக்கு,
அதாவது என்னை விட்டுப் போகாததற்கு.

இருநூறுவரை நான் சொன்னேன்.
முந்நூற்றுப் பத்தில் தூக்கம் சொன்னது.
நானூறு தாண்ட ஒருவரும் சொல்லவில்லை,
வாய் மட்டும் அசைந்தது,
ஆளில்லாத கடைசி பஸ்
ஒவ்வொரு தரிப்பிலும் நின்று போவதுபோல.

ஒரு ராஜா யுத்தத்துக்குப் போனபோது
பாடகரை முன்னால் நடக்கவிட்டானாம்.
அவர்கள் பாடப் பாட
எதிரிகள் தங்களுக்குள் வெட்டிக்கொண்டு செத்தார்களாம்.
ஓய்வுநாள் பள்ளியில் கைதட்டிக் கேட்ட கதை.
இப்போது அந்த முதல் வரிசைக்காரனிடம்தான்
எனக்குக் கேட்க இருக்கிறது:
வாள் இல்லாத கையை எங்கே வைத்துக்கொண்டாய்?
எந்த அடியில் சுருதி விலகியது?
உன் பக்கத்தில் பாடியவன்
உனக்குக் கடன்காரனா?

அறுநூற்றுப் பதின்மூன்று.
நன்றி சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.
ஒன்று இருந்தது.
அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்,
விரிப்பை இறுக்கிப் பிடித்தான்.

வயிறு வெட்டிப் பிள்ளை எடுத்த மாசி மாதம்,
இந்த ஊரில் ஒரு கதவும் எனக்குத் தெரியாது.
இரண்டு பஸ் மாறி, உறைபனியில் சறுக்கி,
சரக்கரைத்த கறிச்சட்டியைச்
சால்வையில் சுற்றிக்கொண்டு வந்தவள்.
ஒருநாள் இருநாள் இல்லை, ஒரு மாதம்.
என் தலையைத் துவட்டியவள்,
பிள்ளையின் முதல் அழுக்கைக் கழுவியவள்,
மெற்

தொண்டையில் நின்றது, மீன்முள்ளாக.
காசு காசுதான். விடப்போவதில்லை.
திங்கட்கிழமை லோயரிடம் கதைப்பேன்.
ஆனாலும் அந்தக் கறிக்கு
ஸ்தோத்திரம் என்றேன்.
கறிக்கு மட்டும்.

மறுமுனையில் பிடி வழுகியது.
விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது.

திரும்பக் கழுவ வேண்டும்.