பாக்கி நானூற்றைம்பது

ஆணி அடிக்கக் கூடாது,
சுவருக்கு வேறு நிறம் பூசக் கூடாது,
தண்ணீர் காலை ஒரு மணி நேரம்,
கரண்ட் பில் தனி
என்று அட்வான்ஸ் எண்ணும்போதே
சொல்லிவிட்டாராம் வீட்டுக்காரர்.

திருவாரூர், மாடிப் போர்ஷன்.
தையல்நாயகி என் முன் வைத்தது
ஆறாயிரத்து ஐந்நூறு.
"இதுக்குள்ள ஹாலை
டிவில வர்ற வீடு மாதிரி
ஆக்கிடலாமாக்கா?"

என்ன நிறம் பிடிக்கும் என்று
நான் முதலில் கேட்பதில்லை.
இந்த வீட்டில் எப்போது இருப்பீர்கள்
என்றுதான் கேட்பேன்.

சிரித்தாள்.
மெடிக்கல் காலேஜில் நைட் டூட்டி,
மாதத்தில் பதினெட்டு நாள்.
காலை ஒன்பதுக்குச் சாப்பிட்டுப் படுத்தால்
மேற்கு ஜன்னல் வழியே
ஒரு மணிக்குப் பாதத்தைத் தொடும் வெயில்.
இரண்டுக்கு முழங்கால்.
மூன்றுக்கு முகம்.
"கட்டிலை இழுத்து இழுத்துத்தான் தூங்குறேன்."

தரையில் பார்த்தேன்.
கட்டில் கால்கள் கிழித்த கோடுகள்,
ஒன்றன் பின் ஒன்றாக,
சுவர்வரை.

ஹாலுக்கு அறுநூறு போதும் என்றேன்.
முகம் சுருங்கிவிட்டது அவளுக்கு.

ஷோகேஸ் பொம்மைகளில் பாதியைப்
பரணுக்கு அனுப்புங்கள், செலவில்லை.
டியூப்லைட்டுக்கு ஓய்வு கொடுத்து
மூலையில் தாழ்வாக ஒரு மஞ்சள் பல்ப்.
வேறெங்கோ மீந்த பெயிண்டை அடித்த
அந்தக் கிளிப்பச்சைச் சுவரோடு
சண்டை வேண்டாம்.
எதிரே செங்கல் நிறத்தில் ஒரு விரிப்புப் போடுங்கள்,
தன்னை வாழைத்தோப்பு என்று
நினைத்துக்கொண்டு அடங்கிவிடும்.

மீதிப் பணம் முழுக்க
நீங்கள் தூங்கும் அறைக்கு.

முதலில் நான் செய்தது தப்பு.
சின்ன அறைக்குக் கண்ணாடி வை, பெரிதாகும்
என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.
ஆயிரத்து நூறுக்கு ஆளுயரக் கண்ணாடி,
ஆணி இல்லாமல் சுவரில் சாய்த்தேன்.
எதிர்வீட்டுத் தகரக் கூரையில் பட்ட வெயில்
கண்ணாடிக்கு வந்து
கண்ணாடியிலிருந்து தலையணைக்கு வந்தது.
அறை பெரிதானது உண்மை.
வெயில் இரண்டானது.
சுமந்துபோய்க் கடையில் திருப்பிக் கொடுத்தேன்,
இருநூறு பிடித்துக்கொண்டார்கள்.
அது என் கணக்கு.

வெயிலை வெளியிலேயே நிறுத்த வேண்டும்.
ஜன்னலைத் தாண்டி வந்துவிட்டால்
விருந்தாளி மாதிரி,
போகச் சொல்ல முடியாது.
கிரில்லுக்கு வெளியே கோரைப்பாய்,
நைலான் கயிற்றில் கட்டி,
காற்றுக்கு நாலு விரல் இடம் விட்டு.
உள்ளே எலக்ட்ரிக் பைப் ஒன்று
கிரில்லின் மேல்கம்பியோடு இறுகக் கட்டி
அதில் கருநீலத் துணி, இரண்டு மடிப்பு.
கடைத்தெரு வெட்டுத்துணிக் கடையில்
கிலோ கணக்கில் கிடைத்தது.
ஜன்னல் அகலத்துக்கே வெட்டினால்
ஓரத்தில் கத்தியாய் நுழையும் வெளிச்சம்.
இரண்டு பக்கமும் ஒரு முழம் கூட வேண்டும்.
தரையைத் தொட வேண்டும்.
இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

நண்பகலில் திரையை இழுத்தோம்.
கீழே நெல் மூட்டை லாரி ஒன்று
ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
அவள் எங்கே நிற்கிறாள் என்று
எனக்குத் தெரியவில்லை.
அவள் குரலும் தானாகத் தணிந்திருந்தது.

"டிவில வர்ற மாதிரி இல்லையேக்கா."

இல்லை.
டிவி வீட்டில் யாரும்
தூங்குவதில்லை.

நானூற்றைம்பது பாக்கி.
சம்பளம் வந்ததும் தருகிறேன் என்றாள்.
சம்பளம் வந்து பத்து நாள்.
இன்று மன்னார்குடியில் வேறொரு வீட்டில்
டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தவள்
நினைவு வந்து போன் செய்தேன்.
மணி அடித்து ஓய்ந்தது.
இன்னொரு முறை.
மூன்றாம் முறையும் எடுக்கவில்லை.

எரிச்சலோடு
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
மணி மூன்று ஐந்து.

போனைப் பையில் போட்டுவிட்டு
அளவைத் தொடர்ந்தேன்.