பெருவிரல்

காலை எட்டேகாலுக்கு
கந்தோர் வாசல் மெசின் என்னை மறுத்தது.
வலது பெருவிரல். சிவப்பு வெளிச்சம்.
சேலைத் தலைப்பில் ஒத்தி எடுத்து இடது. சிவப்பு.
பின்னால் வரிசை நீண்டது.
"அக்கா, கையில என்ன?" என்றாள் மதுராங்கி.

கையில் ஒன்றுமில்லை.
அதுதான் பிரச்சினை.

நாலாவது சுற்று.
காலை மூன்று குளிசை, இரவு மூன்று, சாப்பிட்ட கையோடு.
தெல்லிப்பழையில் தாதி சொல்லித்தான் அனுப்பினா:
கை கால் சிவக்கும், எரியும், உரியும்.
சுடுதண்ணி வேண்டாம். இறுக்கின செருப்பு வேண்டாம்.
கொப்புளம் போட்டால் உடன வாங்கோ.
ரேகை போகுமென்று சொல்ல
அவவுக்கு நேரம் இருந்திராது.
வெளியில் அத்தனை பேர்.

முதலில் கொச்சிக்காய் அரைத்த கை மாதிரி.
பிறகு உள்ளங்கால்.
ஒட்டுசுட்டான் பஸ் தரிப்பிலிருந்து கந்தோர் வரைக்கும்
கிரவலின் ஒவ்வொரு கல்லும்
என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்.
மதுராங்கி தந்த பாலைப்பழம்
விரலில் ஒட்டியதே தெரியவில்லை.
கோப்பில் ஒட்டியபோதுதான் கண்டேன்.

இரவில் தவராசா கிறீம் பூசுவார்.
பொய்க்காலுக்குள் போடுகிற பஞ்சுச் சொக்ஸ்
இரண்டு எடுத்துத் தந்தார்.
"எனக்கு ஒரு காலுக்குத்தான் செலவு,
உனக்கு ரெண்டு" என்றார்.
சிரித்தேன். சிரித்தால் கால் எரியாது.

நிர்வாக உத்தியோகத்தர்
பழைய வரவுப் புத்தகத்தைத் தூசி தட்டித் தந்தார்.
கையெழுத்திட்டேன். பேனை பிடித்த இடம் வெடித்தது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபின்
லாச்சியில் மைப்பெட்டியைக் கண்டேன்.

இதே மேசை.
கையெழுத்து வராத அம்மாக்களின் பெருவிரல்களை
நான்தான் பிடித்து உருட்டினேன்.
வீட்டுத்திட்டப் படிவம். காணாமற்போனவர் படிவம்.
"அழுத்தாதேங்கோ அம்மா, நான் உருட்டுறன்."
முத்தையன்கட்டிலிருந்து ஒருத்தி.
கல் உடைத்துக் கல் உடைத்து
விரலில் ஒரு கோடும் மிஞ்சவில்லை.
'தெளிவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.
மூன்று தடவை வந்தாள்.
நாலாந்தரம் வரவில்லை.
பெயர் மறந்துவிட்டது.
விரல் நினைவிருக்கிறது: நல்ல சூடு.

மையில் என் விரலைத் தோய்த்து
பழைய சுற்றுநிருபத்தின் பின்பக்கம் வைத்தேன்.
கறுப்பாக ஒரு வட்டம்.
உள்ளே வரம்பில்லை, வாய்க்காலில்லை.

மை போக சவர்க்காரம் போட முடியாது, எரியும்.
தேங்காயெண்ணெய் தேடவேண்டும்.
வியாழக்கிழமை கிளினிக், விடிய முந்தின பஸ்.
அதற்கு முதல்
பழைய கோப்புகளில் ஒருக்காப் பார்க்கவேண்டும்,
முத்தையன்கட்டு,
என் எழுத்தில் 'தெளிவில்லை' என்று
எத்தனை கிடக்கிறதென்று.